‘ஹே ராம்’ படமும் நம் பாட்டன் காலத்துக் கெடாவும்

தோட்டத்தில் படம் என்றால் ஒரு காலத்தில் அது திருவிழா. சம்பளம் போட்ட சனிக்கிழமை திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கே பிள்ளைகள் சாக்கும் பாயும் கொண்டுபோய் இடம் பிடித்துவிடுவார்கள். துணிக்கு முன்பக்கம் ஒரு கூட்டம், பின்பக்கம் ஒரு கூட்டம். பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடக்கையால் கத்தி வீசுவார்! அதற்காக யாரும் எழுந்து போனதில்லை.

இப்போது திடலும் இல்லை, துணியும் இல்லை. பால்மரக் காடுகள் பலவும் செம்பனையாகிவிட்டன. லயத்தில் இருந்தவர்கள் பலர் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். படம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அப்படி ஒரு வீட்டில், பீடோங் பக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் உட்கார்ந்து பார்த்த படத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

படம் பார்க்கவா போனோம்? இல்லை. அந்த வீட்டு அம்மா நமக்குப் பழக்கமானவர். முப்பது வருஷம் வெளிக்காட்டு வேலை செய்தவர். அவர்தான் வரச் சொல்லியிருந்தார். “அண்ணே, பெரியவன் போக்கே சரியில்ல. நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுங்க” என்றார். பெரியவன் என்பது மூத்த மகன். சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. நல்ல பிள்ளைதான். குடி இல்லை, சூது இல்லை. ஆனால் அவர்கள் முன்பு இருந்த தோட்டத்து நிலம் கைமாறி, கோயிலை இடம் மாற்றச் சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து பையன் கைப்பேசியே கதியென்று கிடக்கிறான். எங்கிருந்தோ வரும் செய்திகள், எங்கேயோ எடுத்த படங்கள். “அவனுங்கள வெட்டணும்” என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னானாம். தாய்க்கு எப்படி இருக்கும்?

புத்திமதி சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்களா? நாமே நம் அப்பா சொன்னதைக் கேட்டவர்கள் இல்லை. சாப்பாடு முடிந்ததும், “ஏதாச்சும் கமல் படம் போடு தம்பி” என்றோம். பையன் தேடித் தேடி, “இது பாத்திருக்கீங்களா அங்கிள்?” என்று கேட்டுப் போட்ட படம் ‘ஹே ராம்’. நாம் கேட்டு வாங்கினோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தானாக வந்து விழுந்தது.

இந்தப் படம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. கதை, வசனம், தயாரிப்பு, டைரக்‌ஷன் எல்லாம் கமல்ஹாசன். தமிழிலும் இந்தியிலும் ஒரே நேரத்தில் எடுத்தார். இசை இளையராஜா. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. முதலில் வேறொருவர் இசையமைத்து, அந்தப் பாட்டுகளுக்குக் காட்சிகளும் எடுத்தாகிவிட்டது. அப்புறம் அவர் விலகிப் போக, நடிகர்கள் வாயசைத்து முடித்த காட்சிகளுக்குப் பொருந்தும்படி இளையராஜா புதிதாக மெட்டுப் போட்டுக் கொடுத்தார். தைத்த சட்டைக்கு ஏற்றபடி ஆளைச் செய்தது மாதிரி! அந்த ஆண்டு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுதான். ஆனாலும் வசூலில் பெரிதாகப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதும் தெரிந்ததுதான். வங்காளி, இந்தி, இங்கிலீஷ், மராத்தி என்று ஆளாளுக்கு அவரவர் பாஷையில் பேசுகிறார்கள். நம்மவர்களுக்குப் பாதி நேரம் யார் என்ன சொன்னார்கள் என்றே பிடிபடாது. அன்றைக்கும் அந்த அம்மா நாலு தரம் “என்னடா சொல்றான்?” என்று மகனைக் கேட்டார். மகன் எடுத்துச் சொன்னான். அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. சொல்லச் சொல்ல அவனுக்கே கதை உள்ளே இறங்கியது.

கதைக்கு வருவோம்.

சாகேத் ராம் ஒரு தமிழ் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. படித்தவன். பூமியைத் தோண்டிப் பழைய நகரங்களை வெளியே எடுக்கும் வேலை. 1946-இல் சிந்து நாட்டில் மொகஞ்சதாரோவில் வேலை நடக்கிறது. அங்கே அவனோடு கூட வேலை செய்பவன் அம்ஜத், பட்டாணிய முஸ்லிம். வேடம் போட்டவர் ஷாருக் கான். இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தின எலும்புக்கூட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது எந்தச் சாதி எலும்பு என்றா தெரியும்?

ராமுக்குக் கல்கத்தாவில் மனைவி, அபர்ணா. வங்காளத்துப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை. ராணி முகர்ஜி நடித்திருக்கிறார். பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணமில்லை, மனம் பார்த்து வைத்தது. வீட்டிலே ஒரு பியானோ. புருஷன் வெகுநாள் கழித்து வீடு திரும்புகிறான். அந்தப் பத்து நிமிஷம் இரண்டு பேரும் சிரிப்பதையும் விளையாடுவதையும் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். (தாய்மார்களே, சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு வருவதும் பிள்ளைகள் பார்க்கக் கூடியதல்ல.)

அன்றைய தேதி 1946 ஆகஸ்ட் 16. நாட்டைப் பிரிக்க வேண்டும் என்று ஜின்னாவின் முஸ்லிம் லீக் ‘நேரடி நடவடிக்கை நாள்’ அறிவித்திருந்தது. கல்கத்தா தீப்பிடித்துக்கொண்டது. சில நாட்களிலே நாலாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரு தரப்பிலும்தான். ராம் வெளியே போயிருந்த நேரம் வீட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்துவிடுகிறது. கும்பலில் ஒருவன் இவர்களுக்குத் தெரிந்த தையற்காரன். ராம் வந்து பார்க்கையில் எல்லாம் முடிந்துவிட்டது. அபர்ணாவைச் சீரழித்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் பையன் பல்லைக் கடித்தான். நாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ராம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறான். தையற்காரனைத் தேடிப் பிடித்துச் சுடுகிறான். அதோடு நின்றானா? கண்ணில் பட்டவர்களையும் சுடுகிறான். கண் தெரியாத ஒரு சின்னப் பெண் தன்னந்தனியாக நிற்கிறாள். அவளுக்கு நடந்தது என்னவென்றே தெரியாது. அந்தக் குழந்தையின் முகம் அப்புறம் படம் முழுக்க ராமை விடுவதில்லை. ‘என் பெண்டாட்டியைக் கொன்றவனைக் கொன்றேன்’ என்று ஒருவன் சொன்னால் அதைக் கேட்க நாலு பேர் இருப்பார்கள். அந்தக் குழந்தைக்கு அவன் என்ன சொல்வான்?

அந்த இரத்தத்துக்கு நடுவேதான் அபயங்கர் என்ற மராத்திக்காரன் வந்து சேர்கிறான். அதுல் குல்கர்னி நடித்து, தேசிய விருதும் வாங்கினார். பெரிய கத்தலோ மிரட்டலோ கிடையாது. அமைதியாகப் பேசுவான், படித்தவன், பார்க்க மரியாதையாக இருப்பான். ‘உன் மனைவியைக் கொன்றது அந்தத் தையற்காரன் மட்டுமல்ல, இத்தனைக்கும் காரணம் காந்தி’ என்று கொஞ்சம் கொஞ்சமாக ராமின் காதில் ஓதுகிறான். துக்கத்தில் இருப்பவன் காதுக்கு அது மருந்து மாதிரி இருக்கிறது.

இங்கே நாம் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். படத்தின் சூட்சுமமே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. ராமுக்குக் கோபம் சொந்தம், துக்கமும் சொந்தம். ஆனால் யாரைக் கொல்லணும் என்பது அவன் புத்தி இல்லை. அதை வேறொருவன் கொண்டுவந்து கொடுத்தான். தன் வேலைக்கு ஒரு கை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு, பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவன் கிடைத்தான்.

ராம் ஊருக்குத் திரும்புகிறான். மன்னார்குடிப் பெண் மைதிலியை வீட்டார் கட்டி வைக்கிறார்கள். வசுந்தரா தாஸ் நடித்த வேடம். நல்ல பெண், குறும்புக்காரி. புருஷன் மனசிலே செத்துப் போன ஒருத்தி குடியிருக்கிறாள் என்பது தெரிந்தும் குடும்பம் நடத்த வருகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவனும் அவளிடம் ஒட்டுகிறான். அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் அபயங்கர் விட்டால்தானே! அவன் குதிரையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கும்போது, காந்தியைக் கொல்லும் வேலையை ராம்தான் முடிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். ராம் மைதிலியை விட்டுவிட்டு, சந்நியாசம் போகிறவன் மாதிரிக் காசிக்குப் போய், அங்கிருந்து டில்லிக்குப் போகிறான்.

“பாவம் அந்தப் பொண்ணு” என்றார் அந்த அம்மா. “செத்தவளுக்காவது ஒரு சாவு. இவளுக்கு உயிரோட தண்டனை.” நாம் வாயடைத்துப் போனோம். சினிமா விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. நமக்கும் படத்தின் மேல் இந்த ஒரு குறை உண்டு. இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி சாவது கதை நகர்வதற்காக, ஒருத்தி அழுவது கதை முடிவதற்காக. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைக் கேட்கப் படத்துக்கு மூன்று மணி நேரம் போதவில்லை போலிருக்கிறது.

வீட்டுப் பெரியவர் அதுவரை சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எண்பத்தைந்தைக் கடந்தவர். தூங்குகிறார் என்று நினைத்தோம். “எங்கம்மாவும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார் திடீரென்று.

சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்தில் அவருடைய அப்பாவும் போனார். திரும்பி வந்த கொஞ்சம் பேரில் அவரும் ஒருவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கேயே மண்ணாகிப் போனது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1945-இல் சண்டை முடிந்தது. வெள்ளைக்காரத் துரைகள் திரும்பி வந்தார்கள். பழைய சம்பளம், பழைய மரியாதைக்கேடு, பழைய கள்ளுக்கடை. ஆனால் நம் ஆட்கள் பழைய ஆட்களாக இல்லை. நேதாஜியின் படையில் நிமிர்ந்து நடக்கப் பழகியவர்கள் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

ராமும் அபர்ணாவும் கல்கத்தாவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த அதே 1946-இல், இங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் ‘தொண்டர் படை’ அமைத்தார். வாலிபர்கள் வரிசையாக நின்று டிரில் பழகினார்கள். முதல் வேலை கள்ளுக்கடை மறியல். குடித்துவிட்டு வந்தவனைப் பிடித்து நிறுத்திப் புத்தி சொல்வது, கேட்காவிட்டால் தண்டிப்பது. அது கெடாவின் பல தோட்டங்களுக்கும் பரவியது. துரைமாருக்கும் சர்க்காருக்கும் இது பிடிக்குமா? 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் மறியல் செய்தவர்களோடு போலீஸ் மோதியது. அடிபட்ட தொழிலாளி ஒருவர் இறந்து போனார். பலர் சிறைக்குப் போனார்கள். ஏப்ரலில் கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொரு தொழிலாளி மாண்டார்.

“ராத்திரி லயத்துல போலீஸ் பூந்துட்டாங்க. எனக்குப் பத்து வயசு. அப்பா பின்பக்கம் ஓடிட்டாரு. அம்மா அடுப்புக்கிட்ட உக்காந்தது உக்காந்தபடி. மூணு நாளு” என்றார் பெரியவர். அதற்கு மேல் அப்போது சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது.

டில்லியில் ராமின் துப்பாக்கி ஒரு சோடா லாரியோடு போய்விடுகிறது. தேடிக்கொண்டு போனால், அந்த லாரி சாந்தினி சௌக்கில் ஒரு சோடாத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறது. அங்கே இருப்பவன் அம்ஜத்! மொகஞ்சதாரோ அம்ஜத். கலவரத்தில் அவனும் தகப்பனைப் பறிகொடுத்தவன். அவன் கேட்டிருந்தாலும் யாரோ ஒரு கத்தி கொடுத்திருப்பார்கள், கேட்கவில்லை. அந்தச் சோடாக் கொட்டகைக்குள் பெண்டு பிள்ளைகளோடு ஒரு கூட்டமே உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறது. துப்பாக்கி எதற்கு என்று அம்ஜத்துக்குப் புரிந்துவிடுகிறது. தடுக்கப் பார்க்கிறான். அதற்குள் வெளியே கும்பல் வந்துவிடுகிறது. அம்ஜத் அடிபட்டு விழுகிறான். காந்தியைச் சுட வந்த அதே துப்பாக்கியை எடுத்து, முஸ்லிம் பெண்களையும் குழந்தைகளையும் காக்க நிற்கிறான் ராம். ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து, துப்பாக்கியோடு வந்தவன் யார் என்று விசாரிக்கிறது. சாகப் போகிற அம்ஜத் நண்பனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1948 ஜனவரியில் டில்லிக் கலவரம் நிற்க வேண்டும் என்று காந்தி 13-ஆம் தேதி முதல் 18-ஆம் தேதி வரை பட்டினி கிடந்தார். 30-ஆம் தேதி மாலை பிரார்த்தனைக்குப் போகிற வழியில் கோட்சே சுட்டான். படத்தில் ராம் தன் குற்றத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று போகிறான். சொல்வதற்கு முன்னால் வெடி வெடித்துவிடுகிறது. காந்தியாக நடித்தவர் நசீருதீன் ஷா.

இந்தக் கதையெல்லாம் ஒரு கிழவனின் நினைவாகச் சொல்லப்படுகிறது. 1999 டிசம்பர் 6, சென்னை. ராமுக்கு எண்பத்தொன்பது வயது, உயிர் போகிற நேரம். வெளியே மறுபடியும் இந்து முஸ்லிம் கலவரம். பழைய காலத்தை வண்ணத்திலும் இந்தக் காலத்தைக் கறுப்பு வெள்ளையிலும் எடுத்திருக்கிறார் கமல். வழக்கமாகச் சினிமாக்காரர்கள் செய்வதற்குத் தலைகீழ். கிழவன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஒரு முஸ்லிம். அதைப் பற்றிப் படத்தில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

படம் முடிந்தது. கொஞ்ச நேரம் யாரும் விளக்குப் போடவில்லை. நமக்கு 1998 மார்ச் நினைவு வந்தது. பினாங்கு கம்போங் ராவாவில் கோயிலுக்கும் மசூதிக்கும் இடையே இருந்த தகராறு முற்றிக் கலவரமானபோது, கடலுக்கு இந்தப் பக்கம் கெடாத் தோட்டங்களில் என்னென்னவோ பேச்சு வந்தது. எத்தனை பொய், எத்தனை மெய் என்று பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. அப்போது பேச்சு வாய்வழி வந்தது. இப்போது சட்டைப் பையிலேயே வருகிறது. அபயங்கர் இந்தக் காலத்தில் குதிரை ஏற வேண்டியதில்லை.

கோயில் விஷயம் நியாயமானது என்பதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. பாட்டன் பூட்டன் கல் சுமந்து, சம்பளத்தில் வெள்ளி பிடித்துக் கட்டிய கோயிலை ஒரு கடிதத்தில் எடுத்துவிடு என்றால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்குக் கமிட்டி கூட வேண்டும், பழைய காகிதங்களைத் தேட வேண்டும், வக்கீலைப் பார்க்க வேண்டும், யூனியனையும் சட்டமன்ற உறுப்பினரையும் விடாமல் நச்சரிக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் கமிட்டி கூடியதா என்று கேட்டோம். ஒரு தரம் கூடியதாம், தலைவர் யார் என்ற சண்டையில் கலைந்ததாம். செய்தி அனுப்ப மட்டும் எல்லாரும் இருக்கிறார்கள்!

பையன் இதையெல்லாம் காதில் வாங்கினானோ என்னவோ. அவன் கேட்டது வேறு. “அங்கிள், அம்ஜத் ஏன் போலீசுகிட்ட சொல்லல? இவன் எதுக்கு வந்தான்னு அவனுக்குத்தான் தெரியுமே.”

நாம் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது பெரியவர்தான் பேசினார்.

“ராவுத்தரும் சொல்லலடா.”

“எந்த ராவுத்தரு தாத்தா?”

“பீடோங் டவுன்ல மளிகைக் கடை வெச்சிருந்தாரு. நம்ம லயத்துக்கே அவர்கிட்டதான் பத்து. அந்த மூணு நாளும் எங்கப்பாவ அரிசி மூட்டைக்குப் பின்னால வெச்சிருந்தாரு. போலீஸ் வந்து கேட்டதுக்கு, கடன்காரன் ஓடிட்டான், கிடைச்சா எனக்கும் சொல்லுங்கன்னாராம். அப்பா சாகற வரைக்கும் அதச் சொல்லிச் சிரிப்பாரு.”

“இத ஏன் இதுவரைக்கும் சொல்லல?”

“யாரு கேட்டா?”

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “கடை எந்த எடத்துல தாத்தா இருந்துச்சு?” என்றான். பெரியவர் கையைக் காற்றில் நீட்டி, பெரிய ரோட்டிலிருந்து திரும்பினால் மூன்றாவது கடை, முன்னால் ஒரு மரம் நிற்கும் என்றார். மரம் இப்போது இருக்குமோ இருக்காதோ என்றும் சொன்னார். நாளைக்குத் தனக்கு லீவுதான், மோட்டாரில் கூட்டிப் போகிறேன் என்றான் பேரன். “மோட்டாரு ஏறினா முதுகு வலிக்கும்டா, காரு கேட்டு வாங்கிட்டு வா” என்றார் கிழவர்.

அந்த அம்மா நமக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கைப்பேசியில் இருந்த செய்திகளை அவன் அழித்தானா என்று நாம் கேட்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அது விடும்வரை அங்கேயே உட்கார்ந்து, கோயில் கமிட்டிக்கு யார் யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதிக்கொண்டிருந்தோம். பதினோரு பேர் தேறினார்கள்.